வன்னிக் காற்றுக்கு ஏற்ற மிட்ரேஞ்ச் டிஸ்க்

கனடாவிலிருந்து ஆரும் வரும்போது டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து தூரத்துக் கூடைக்குள் விழுத்துகிற விளையாட்டு) தட்டு கொண்டுவரச் சொல்லப் போகிறீர்களா? சரி, முதலில் ஒரேயொரு மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தரத் தூரத்துக்கு எறிகிற தட்டு, போதும், பை நிறைய வேண்டாம்.

தட்டில் நாலு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு, திருப்பம் (வேகமாகப் போகும்போது சாய்வது), கடைசி வளைவு (வேகம் குறையும்போது மற்றப் பக்கம் வளைவது). மிட்ரேஞ்சுக்கு வேகம் 4 அல்லது 5. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz) என்ற தட்டுக்கு 5, 4, -1, 1. அதாவது கிட்டத்தட்ட நேராகப் போகும், பழகுகிறவருக்கு அதுதான் என் தெரிவு. ஆனால் சோளகம் வீசுகிற மாதங்களில் கிளிநொச்சி வயல்வெளியில் நின்று காற்றுக்கு எதிரே எறிந்தால், வலக்கைக்காரர் பின்கையால் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசி) எறிகிற தட்டு நினைத்ததைவிட வலப்பக்கம் புரண்டு வடலிக்குள் போய்விடும். அப்படியான இடத்துக்கு இன்னோவா நிறுவனத்தின் ராக்3 (Roc3) தட்டு நல்லது, கடைசி எண் 3, பிடிவாதமாக இடப்பக்கம் திரும்பும். எடை 175 கிராமுக்கு மேல் இருந்தால் காற்றில் அவ்வளவு ஆடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட எடை குறைந்தது காணும்.

இன்னோவாவின் மலிவான டிஎக்ஸ் (DX) வகைப் பிளாஸ்டிக் கைக்கு நல்ல பிடி, ஆனால் எங்கள் கிறவலில் விளிம்பு கெதியாகத் தேய்ந்து பறப்பே மாறிவிடும், கொஞ்சம் கூடக் கொடுத்து அவர்களுடைய ஸ்டார் அல்லது சாம்பியன் வகைப் பிளாஸ்டிக் எடுங்கள். நிறம் செம்மஞ்சள்; பச்சை வாங்கினால் பற்றைக்குள் தேடியே பொழுது போகும். மிதிவெடிப் பலகை நிற்கிற பக்கம் விழுந்தால் மட்டும் தேடப் போகாதீர்கள், தட்டு போனால் போகட்டும்.