உதவித்தொகை சாங்ஷன் ஆச்சு, பணம் மட்டும் வரலையா? கல்லூரிப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் வளாகத்தில் ஸ்காலர்ஷிப் பிரிவு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வரிசை வராண்டாவைத் தாண்டிப் படிக்கட்டு வரை போய்விடும். முதலாண்டுப் பிள்ளைகள், கூடவே அம்மாவோ அப்பாவோ, எல்லார் கையிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அந்த ஃபைலைப் புரட்டிப் பார்த்தாலே யாருக்குப் பணம் ஒழுங்காக வந்து சேரும், யார் மார்ச் வரைக்கும் அலையப் போகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எங்கள் தலைமுறை செய்த அதே தப்புகளை இந்தப் பிள்ளைகளும் செய்வதைப் பார்க்கும்போது மனது கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். போட்டோ ஒட்டு, கையெழுத்துப் போடு, ஜெராக்ஸ் எடுத்து வை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி, மதுரை, கோவை மண்டல வளாகங்கள், நாகர்கோவில், ராமநாதபுரம் போன்ற ஊர்களில் உள்ள உறுப்புக் கல்லூரிகள், இங்கெல்லாம் படிப்புக் கட்டணம் தனியார் கல்லூரியைவிடக் குறைவு. வீட்டை இழுப்பது மெஸ் பில், அறை வாடகை, லேப்டாப், தேர்வுக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு. கட்டணச் சலுகை கல்லூரிக் கணக்கிலேயே கழிந்துவிடும். மற்ற செலவுக்கு உதவுவது மாணவர் கையில் வரும் பணம்தான். அந்தப் பணம் தகுதி இல்லாததால் நின்றுபோவதைவிட, தகுதி இருந்தும் கடைசிப் படியில் தடுக்கி விழுவதையே நான் அதிகம் பார்க்கிறேன்.

முதல் பட்டதாரிச் சான்று இருந்தால் எங்கே சேர்ந்தாலும் சலுகை என்று நம்புவது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே ஊருக்குள் ஆள் வந்துவிடுவார். "கவுன்சிலிங்குக்கு எல்லாம் அலைய வேண்டாம், சீட்டுக்கு நான் பொறுப்பு, ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டில் ஃபீஸ் குறைஞ்சிடும்" என்பார். குறையாது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருபவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிறகு அந்தச் சான்றை ஃபைலில் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இந்தச் சலுகை. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் முடித்திருந்தால், அவர்கள் சலுகை வாங்காமலே படித்திருந்தாலும், தம்பி முதல் பட்டதாரி ஆக முடியாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்ளும். அதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும் முன்பே சான்றுகளை வாங்கி வைத்துவிடுங்கள்.

படிவத்தில் எழுதிய கணக்குக்குத்தான் பணம் வரும் என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை தடவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலும், வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னாலும், ஒவ்வோர் ஆண்டும் இதில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும் விஷயம் இது.

விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண். விண்ணப்பம் சரி, சான்றுகள் சரி, எல்லாம் சரிபார்த்து மேலே அனுப்பியாயிற்று. தளத்தில் பணம் அனுப்பப்பட்டது என்று காட்டுகிறது. அவள் கையில் இருக்கும் பாஸ்புக்கில் ஒரு ரூபாய் ஏறவில்லை. மெஸ் பாக்கி கட்டாததால் பெயரை எடுத்துவிடுவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். கணக்கு வைத்திருந்த வங்கிக் கிளைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஆதார் லிங்க் ஆகியிருக்கும்மா, காலேஜில் போய்க் கேளு" என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்தால் "பேங்க்கில் கேளு". இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

உட்கார வைத்து மைஆதார் தளத்தில் நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தோம். வேறொரு வங்கியின் பெயர் இருந்தது. அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி உதவித்தொகைக்காக ஊரிலேயே திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. பாஸ்புக் எங்கே போனதென்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பணம் அங்கேதான் போய் உட்கார்ந்திருந்தது. அதை எடுக்கப் போனால், அது மைனர் கணக்கு, இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது, புதுப் போட்டோ, புதுக் கையெழுத்து, கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) எல்லாம் கொடுத்தால்தான் திறக்கும், அதையும் அந்தக் கிளைக்கே நேரில் வந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா ஒருநாள் மில் வேலையை விட்டுவிட்டு வந்தார், இவள் வகுப்பை விட்டுவிட்டுப் போனாள். முதல்நாள் போனபோது அதிகாரி லீவு.

என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அரசு உதவித்தொகை இப்போது பெரும்பாலும் ஆதார் வழியாகப் போகிறது. அனுப்பும்போது உங்கள் பாஸ்புக் நகலில் உள்ள கணக்கு எண்ணை யாரும் பார்ப்பதில்லை. வங்கிகளுக்கிடையே பணம் போகும் வழியை நடத்தும் என்பிசிஐ என்ற அமைப்பிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. இந்த ஆதாருக்கு இந்த வங்கி என்று அதில் ஒரே ஒரு வங்கிதான் பதிந்திருக்கும், கடைசியாகப் பதிந்தது எதுவோ அது. பணம் அந்த வங்கிக்குப் போகும். வீடு மாறிப் போனவருக்கு வரும் மணியார்டரைப் பழைய வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டு வருகிற கதைதான்.

வங்கிக்காரர் "லிங்க் ஆகியிருக்கு" என்று சொன்னதும் பொய் இல்லை. கேஒய்சிக்காக உங்கள் ஆதார் எண் அந்த வங்கியின் சொந்தக் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது, அதைத்தான் அவர் பார்க்கிறார். அரசுப் பணம் வாங்குவதற்காக என்பிசிஐ பட்டியலில் ஏற்றுவது வேறு வேலை, அதற்குப் பெயர் சீடிங். அதனால் கிளைக்குப் போனால் "ஆதார் லிங்க் ஆகியிருக்கா" என்று கேட்காதீர்கள். "டிபிடிக்கு என்பிசிஐ சீடிங் இந்தக் கணக்கில் இருக்கா" என்று கேளுங்கள். டிபிடி என்றால் அரசுப் பணம் நேராக உங்கள் கணக்குக்கு வருவது. கேள்வி மாறினால்தான் அவர் வேறு திரையைத் திறப்பார்.

செய்ய வேண்டியது இதுதான். விண்ணப்பிக்கும் முன்பே மைஆதார் தளத்தில் உங்கள் ஆதாரைப் போட்டு, ஓடிபி வாங்கி, வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். இதற்கு ஆதாரில் உள்ள செல் நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். அப்பா எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் என்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதை மாற்றுங்கள். போகும்போதே, பதினைந்து வயதுக்கு மேல் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பும் முடிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது செய்யாமல் கைரேகை ஏறாமல் நிற்கும் பிள்ளைகள் நிறைய.

தளத்தில் வங்கியின் பெயரும், இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். கணக்கு எண் தெரியாது. அந்த வங்கியில் உங்கள் கணக்கு எது, அது இயங்குகிறதா என்று போய்ப் பாருங்கள். இயங்கினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வளாகத்துக்குப் பக்கத்தில் கிளை இல்லை என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை, ஏடிஎம் கார்டு வாங்கினால் போதும். கணக்கு முடங்கிப் போய், திறக்க வழியில்லை என்றால் மட்டும் புதிய வங்கியில் ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் கொடுங்கள். அந்தப் படிவத்தில், வேறு வங்கியில் ஏற்கெனவே சீடிங் இருக்கிறது, அதை இங்கே மாற்றச் சம்மதிக்கிறேன் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்து பழைய வங்கியின் பெயரையும் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை வெறுமனே விடும் படிவங்கள்தான் நகராமல் கிடக்கின்றன. படிவம் கொடுத்ததற்கு முத்திரையோடு ஒரு நகல் வாங்குங்கள். சில நாள் கழித்து மறுபடி தளத்தில் பாருங்கள். கிளையில் "முடிஞ்சிடுச்சு" என்று சொன்னதை நம்பிவிடாதீர்கள், தளத்தில் புதிய வங்கியின் பெயர் வந்தால்தான் வேலை முடிந்தது.

அப்புறம் ஒன்று. எல்லாம் சரியான பிறகு, செல்போன் கடையிலோ கல்லூரி வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருப்பவரிடமோ இலவசமாகக் கிடைக்கிறதென்று இன்னொரு கணக்கைத் திறக்காதீர்கள். கணக்கு திறக்கும் படிவத்திலேயே அரசு மானியத்தை இதில் பெறச் சம்மதம் என்று ஒரு வரி இருக்கும். படிக்காமல் கைரேகை வைத்தால் அடுத்த தவணை அங்கே போய்விடும். அந்தக் கணக்கும் மூடிக் கிடந்தால் பணம் திரும்பிப் போகும். அது மறுபடி உங்களைத் தேடி வருவதற்குள் அடுத்த செமஸ்டர் ஆரம்பித்துவிடும்.

போன வருஷத்து வருமானச் சான்று

ஓராண்டுதான் செல்லும். ஆண்டுதோறும் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். ஆவணங்களில் பெயரும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அதில் இனிஷியல்தான் நம் ஊர்ப் பிள்ளைகளைப் பாடாய்ப்படுத்துவது. ஆதாரில் முத்துலட்சுமி எஸ், மதிப்பெண் பட்டியலில் எஸ் முத்துலட்சுமி, பாஸ்புக்கில் முத்துலட்சுமி சுப்பையா என்று மூன்று பேராக இருப்பார்கள். கணினிக்கு மூன்று பேரும் வேறு வேறு ஆள். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி மற்றதை மாற்றிக்கொள்வது சுலபம்.

ஒன்று வாங்கினால் மற்றது கிடைக்காது என்று விட்டுவிடுவது

எது எதோடு சேரும் என்று கேட்காமலே பிள்ளைகள் கைவிட்டுவிடுகிறார்கள். புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணை (பள்ளி மாணவர் பதிவு எண்) தொலைத்துவிடாதீர்கள், கல்லூரி மாணவர் விவரம் ஏற்றும் யூமிஸ் பதிவுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் கதை வேறு. அங்கே ஒரு நேரத்தில் ஒன்றுதான் வாங்க முடியும், அதனால் எது பெரியது என்று பார்த்து எடுங்கள். பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் முதல் மூன்றாண்டுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. பொறியியல் படிக்கும் பெண்களுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகையில் ஆண்டுக்கு 50,000, வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. இந்த இரண்டில் எதை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் பிரகதிக்கு முதலாண்டில், அல்லது டிப்ளமோ முடித்து நேராக இரண்டாமாண்டில் (லேட்டரல்) சேர்ந்தால் அந்த ஆண்டில், விண்ணப்பித்தாக வேண்டும். மூன்றாமாண்டில் வந்து கேட்கும் பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்லி அனுப்புவது எனக்கு மிகக் கஷ்டமான வேலை.

டே ஸ்காலரா, ஹாஸ்டலரா

பார்த்து டிக் செய்யுங்கள். எஸ்சி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையில் பொறியியல் படிப்புக்கு ஆண்டுப் பராமரிப்புப் படி விடுதி மாணவருக்கு 13,500, வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000.

ரினியூவல்

தானாக நடக்காது. ஆண்டுதோறும் நீங்கள்தான் போட வேண்டும், அதையும் புதுப்பித்தல் என்ற பகுதியில் போட வேண்டும், புதிய விண்ணப்பம் என்ற பகுதியில் போட்டால் இரண்டும் போய்விடும். மேலே சொன்ன 12,000 ரூபாய்த் திட்டத்துக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். அரியர் இருக்கிறது, கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்யாமல் பிரிவில் வந்து கேளுங்கள்.

அரசு விடுதியை விசாரிக்காமல் தனியாரில் அட்வான்ஸ் கொடுப்பது

ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் கல்லூரி விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் மிச்சமாகும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால் பல உதவித்தொகைகள் இதற்கு ஈடாகாது. கட்டடம் எப்படி, தண்ணீர் எப்படி என்று நேரில் போய்ப் பாருங்கள், அங்கே தங்கியிருக்கும் சீனியரிடம் கேளுங்கள். ஆனால் அட்மிஷன் ஆன வாரமே போங்கள். இடம் நிரம்பிய பிறகு வார்டனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஓடிபி

பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கும் சொல்லாதீர்கள். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையால் போடுங்கள், பாஸ்வேர்டை அவர் நோட்டில் எழுதி வைக்க விடாதீர்கள்.

கல்விக் கடனை முதலில் எடுப்பது

மண்டல வளாகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்கு, மேலே சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குத்தான் கடன். எடுக்கிறீர்கள் என்றால் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பதை வட்டி இல்லை என்று பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். முதல்நாளிலிருந்தே வட்டி ஓடும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் திட்டத்தின் விதிகளுக்குள் வந்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்கடுத்த ஓராண்டுக்கும் அந்த வட்டியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும். அந்த மானியத்தை உங்கள் வங்கிதான் கேட்டு வாங்க வேண்டும், வருமானச் சான்று கையில் இல்லாமல் வங்கி கேட்காது. கடன் வாங்கும்போதே சான்றைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், ஒவ்வோர் ஆண்டும் கிளைக்குப் போய் மானியம் ஏறியிருக்கிறதா என்று ஸ்டேட்மெண்டில் பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்த ஆண்டிலேயே எழுதிக் கொடுங்கள்.