பிடிக்காமல் போன சேலையைக் கடையில் மாற்றுவது எப்படி?

கடையில் பிடித்துப்போய் எடுத்த சேலை, வீட்டுக்கு வந்து பார்த்ததும் பிடிக்காமல் போவது உண்டு. கிழிசல் இல்லை, கறை இல்லை, நெசவிலும் பிசகு இல்லை. ஆனாலும் உடுத்த மனம் வரவில்லை. பல வீடுகளில் இப்படிப்பட்ட சேலை பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. யாருக்காவது வைத்துக் கொடுக்கலாம் என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் எடுத்த சேலைக்கு அந்தக் கதி வேண்டாம். கேட்கும் விதத்தில் கேட்டால் பெரும்பாலான ஜவுளிக் கடைகள் மாற்றித் தருகின்றன.

ஒன்றை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குறையில்லாத பொருளை, பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மாற்றித் தருவது கடை தானாகக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்குக்கு உட்பட்டு நடந்துகொள்வதில்தான் உங்கள் காரியம் இருக்கிறது.

1. வாங்கிய மறுநாளே பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

கடை விளக்கில் தெரியும் நிறம் வேறு, பகலில் தெரியும் நிறம் வேறு. பட்டில் இது இன்னும் அதிகம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறமுமாக நெய்த சேலை, ஒரு பக்கம் சாய்த்தால் நீலமாகவும் மறுபக்கம் சாய்த்தால் பச்சையாகவும் தெரியும். மயில்கழுத்து நிறம் என்று ஆசைப்பட்டு வாங்குவது இதைத்தான். கடையின் வெள்ளை விளக்கு இரண்டில் ஒரு நிறத்தைத் தூக்கிக் காட்டிவிட்டால், வீட்டில் மற்றது மேலே வந்து நிற்கும். எனவே ஜன்னலோரம் வைத்து, மடிப்பு கலையாமல் மேல் மடிப்பையும் முந்தானையையும் மட்டும் தூக்கிப் பாருங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் அன்றே முடிவெடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் மாற்றும் கெடு தாண்டிவிடும்.

2. சேலையை வாங்கிய நிலையிலேயே வையுங்கள்

விலைச் சீட்டைக் கழற்றாதீர்கள். ஜாக்கெட் துணியை வெட்டிவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. ஃபால்ஸ் தைத்தாலும், முந்தானையில் குஞ்சம் கட்டினாலும் அப்படித்தான். தையற்காரரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாமல் இரண்டு நாள் பொறுங்கள். புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அதை உடுத்தும் நாளன்று செய்துகொள்ளுங்கள். ஒரு துளி மஞ்சள் பட்டாலும் கடைக்காரர் அதை வேறு ஒருவருக்கு விற்க முடியாது. மாற்றித் தர அவர் மறுத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

3. பில்லை முன்னும் பின்னும் படியுங்கள்

எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும், எந்த நேரத்தில் வர வேண்டும், எவற்றை மாற்ற மாட்டார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் பில்லில் பொடி எழுத்தில் இருக்கும். உள்ளாடை, மீட்டரில் வெட்டிய துணி, ஆடித் தள்ளுபடியில் எடுத்தவை ஆகியவற்றைப் பல கடைகள் ஏற்பதில்லை. பண்டிகை நாட்களில் மாற்றித் தர மாட்டோம் என்றும் சிலர் அச்சிட்டிருப்பார்கள். வெப்பத்தாளில் அச்சான பில் நாளடைவில் மங்கிவிடும். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

4. பிடிக்கவில்லையா, சொன்னது பொய்யா?

இதைப் பிரித்துப் பார்ப்பது மிக முக்கியம். நிறமும் கரையும் மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் கடையின் தயவை நாடுகிறீர்கள். சுத்தப் பட்டு என்று சொல்லி விற்ற சேலையில் வேறு இழை கலந்திருந்தால் நிலைமை வேறு. சொன்ன விவரத்தோடு பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது. அந்த இடத்தில் நீங்கள் கேட்பது உங்கள் உரிமை. ஆகவே சந்தேகம் இருந்தால், சேலையில் சுத்தப் பட்டுக்கு அடையாளமான சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்பதையும், பில்லில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

5. வேலை நாளில், காலையில் போங்கள்

மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தி.நகர் போன்ற இடங்களில் விற்பனையாளருக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரம் இருக்காது. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் போனால் பொறுமையாகக் கேட்பார்கள். பில், பை, பணம் கட்டிய அட்டை எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

நேராக விஷயத்துக்கு வாருங்கள். "அண்ணா, முந்தாநாள் இங்கேதான் எடுத்தோம். சேலையில் குறை எதுவும் இல்லை. பகலில் பார்த்தால் நிறம் வேறு மாதிரி தெரிகிறது. பிரிக்கவில்லை, சீட்டு அப்படியே இருக்கிறது. வேறு சேலை எடுத்துக்கொள்ளலாமா?" இவ்வளவு போதும். இல்லாத கிழிசலைச் சொல்லாதீர்கள். விரித்துப் பார்த்ததும் உண்மை தெரிந்துவிடும், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

அவர் முடியாது என்றால் அவரிடம் சத்தம் போடாதீர்கள். விதி போட்டவர் அவர் அல்லர். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. அவர்களிடம் கோபத்தைக் காட்டுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. "மேற்பார்வையாளரைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்கும்.

6. பணமா, வேறு துணியா?

முதலில் வேறு சேலை கேளுங்கள். அதுதான் எளிதில் கிடைக்கும். பிடித்தது எதுவும் இல்லையென்றால், அந்தத் தொகைக்குப் பின்னால் அங்கேயே துணி எடுத்துக்கொள்ள உதவும் கடைச் சீட்டு கேளுங்கள். எந்தத் தேதிவரை செல்லும், மற்றக் கிளைகளில் செல்லுமா என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். ரொக்கமாகத் திருப்பித் தருவது அரிது.

7. மறுத்துவிட்டால்

குறையில்லாத சேலை என்றால், பில்லில் உள்ள விதியைக் காட்டிக் கேட்கலாம். விதி உங்களுக்கு எதிராக இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. குறையுள்ள பொருளாக இருந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகை அங்கே செல்லாது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராததும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

8. மாற்றி எடுக்கும்போது

ஒரு முறை மாற்றியதை மறுபடி மாற்ற மாட்டோம் என்று பல கடைகள் சொல்லும். ஆகவே பில் போடும் முன் விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு, இரண்டாவது சேலையைக் கடை வாசல்வரை கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். குறைந்த விலைச் சேலை எடுத்தால் மீதித் தொகையை என்ன செய்வார்கள் என்று அப்போதே கேளுங்கள். பழைய பில்லை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டால், புதுப் பில்லில் சரியான தேதியும் முழுத் தொகையும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கல்லாவை விட்டு நகருங்கள்.