பிரிட்டனில் உயிர்வேலிக்கு ஃபீல்ட் மேப்பிள்

மேப்பிள் என்றதும் கனடாக் கொடிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனைப் பூர்வீகமாகக் கொண்ட மேப்பிள் ஒன்றே ஒன்று: ஃபீல்ட் மேப்பிள். வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைப்பது பெரும்பாலும் சிக்கமோர். வெளியிலிருந்து வந்த அந்த மரம் 30 மீட்டருக்கும் மேலே போகும். சின்னத் தோட்டத்துக்கு ஆகாது, கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

ஃபீல்ட் மேப்பிள் இலை சிறியது. ஐந்து மடல்களும் முனை மழுங்கியிருக்கும். காம்பைக் கிள்ளினால் பால் வடியும், சிக்கமோரில் வடியாது. நார்வே மேப்பிளிலும் பால் உண்டு, ஆனால் அதன் மடல் முனைகள் ஊசியாக நீண்டிருக்கும். காயையும் பாருங்கள். ஃபீல்ட் மேப்பிளில் இரண்டு இறக்கைகளும் ஒரே நேர்கோட்டில் விரிந்திருக்கும். சிக்கமோரில் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

உயிர்வேலி வைக்கத் தொட்டிச் செடிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை நர்சரிகளில் மண்ணில்லாத வேரோடு, 'பேர் ரூட்' கன்றுகள் மலிவாகக் கிடைக்கும், 40–60 செ.மீ. உயரம் போதும். ஒற்றை வரிசைக்கு மீட்டருக்கு மூன்று, அடர்த்தியான இரட்டை வரிசைக்கு ஐந்து. வேர் காய்ந்தால் கன்று போயிற்று. நடும்வரை ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். மண் உறைந்திருந்தாலோ தண்ணீர் தேங்கியிருந்தாலோ நடாதீர்கள். தண்டில் தெரியும் பழைய மண் கோடு வரை மட்டும் புதையுங்கள். நட்டதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். மனசு வராதுதான், ஆனால் வெட்டாவிட்டால் வேலியின் அடிப்பகுதி பல வருஷம் மொட்டையாகவே நிற்கும். சுற்றிலும் 5 செ.மீ. மூடாக்கு, தண்டில் ஒட்டாமல். முதல் இரண்டு கோடையும் தண்ணீர் விடுங்கள். முயல் நடமாட்டம் இருந்தால் தண்டுக்குப் பிளாஸ்டிக் சுருள் காப்பு போடுங்கள்.

சுண்ணாம்பு மண், லண்டன் களிமண், சாலைப் புகை எல்லாவற்றையும் தாங்கும். தேங்கிய நீரைத்தான் தாங்காது.

பெரிய கிளைகளை நவம்பர், டிசம்பரில் வெட்டுங்கள். வசந்த காலத்தில் வெட்டினால் சாறு ஒழுகும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும். பயன்பாட்டில் உள்ள கூட்டை வேண்டுமென்றே கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம்.

இலையில் சிவப்புக் கொப்புளங்கள் வந்தால் பயப்படாதீர்கள்: கொப்புளச் சிற்றுண்ணியின் (gall mite) வேலை, மரத்துக்குக் கேடில்லை. வறண்ட கோடையில் வெள்ளைப் பூஞ்சை படிந்தால் மருந்து வேண்டாம், வேருக்குத் தண்ணீர் விடுங்கள். வாடகை வீடென்றால் நடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.