சார்ஜர் சட்டம் முதல் சஞ்சார் சாத்தி வரை: வாதத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

2025 டிசம்பர் 1 அன்று சஞ்சார் சாத்தி செய்தி வந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்தது. இனி விற்கும் ஒவ்வொரு புது போனிலும் அந்த அரசுச் செயலியை முன்கூட்டியே நிறுவித் தர வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருந்தது. "திருடு போன போனை முடக்க உதவுற ஆப். இதுல என்ன தப்பு?" என்றார் சித்தப்பா. "எல்லார் போனுக்குள்ளயும் கவர்மென்ட் வந்து உட்காரப்போகுது சித்தப்பா" என்றான் தம்பி. இரவுக்குள் பேச்சு செயலியை விட்டு நகர்ந்து, எந்தக் கட்சி எந்த ஆட்சியில் என்ன செய்தது என்ற பழைய கணக்குக்குப் போய்விட்டது.

இருவரும் உத்தரவைப் படிக்கவில்லை. மறுநாள் நான் தேடி எடுத்துப் படித்தபோது, பேச வேண்டிய விஷயமே வேறு என்று தெரிந்தது. நவம்பர் 28 தேதியிட்ட அந்த உத்தரவு நிறுவனங்களுக்கு 90 நாள் கொடுத்தது. தயாராகிக் கடைக்குப் போய்விட்ட போன்களுக்கும் மென்பொருள் புதுப்பிப்பு வழியாகச் செயலியை அனுப்ப முயல வேண்டும் என்றது. அதன் வசதிகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

சித்தப்பாவும் தம்பியும் செய்த முதல் தவறு, இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டியது. செயலி பயனுள்ளதா என்பது ஒரு கேள்வி. பயனுள்ள ஒன்றை எல்லார் போனிலும் கட்டாயமாக வைக்கலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்குக் கூடாது என்றும் ஒரே ஆள் சொல்லலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன். திருடு போன போனை ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்து முடக்கும் வசதி நல்ல வசதி. ஆனால் என் போனில் எது இருக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பேசியிருந்தால், குழுவில் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

அடுத்த தவறு, பேச்சை எழுத்தாக எடுத்துக்கொள்வது. டிசம்பர் 2 அன்று அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, வேண்டாதவர்கள் செயலியை நீக்கிக்கொள்ளலாம் என்றார். உடனே சித்தப்பா, "பார்த்தியா, அமைச்சரே சொல்லிட்டாரு" என்று எழுதினார். ஆனால் நீக்கிக்கொள்ளலாம் என்ற வாசகம் உத்தரவில் இல்லை. போன் தயாரிக்கும் நிறுவனம் எழுத்தில் உள்ளதைத்தான் பின்பற்ற முடியும். பேட்டியில் சொன்னதை அல்ல. அமைச்சர் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. அதை நம்புவதாக இருந்தால், அதற்கேற்பத் திருத்திய உத்தரவைக் கேட்க வேண்டும். டிசம்பர் 3 அன்று அரசு கட்டாயத்தையே விலக்கிக்கொண்டது. மக்கள் தாங்களாகவே விரும்பித் தரவிறக்கிக்கொள்கிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம்.

சரி, இது மூன்று நாளில் முடிந்த கதை. பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு வாதத்தை எடுத்துக்கொள்வோம்.

டைப்-சி சார்ஜர்: எல்லாத் தவறும் கூடும் இடம்

2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கேபிள் வழியாகச் சார்ஜ் ஆகும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், மின்நூல் கருவி போன்றவற்றுக்கு யுஎஸ்பி டைப்-சி போர்ட் இருக்க வேண்டும் என்றது. 2024 டிசம்பர் 28 முதல் அது அங்கே அமலுக்கு வந்தது. மடிக்கணினிகளுக்குத் தனியாக 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆதரவாக 602 வாக்கு, எதிராக 13.

இதைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு உடனே ஆப்பிளுக்குப் போய்விடும். "சட்டம் போட்டதாலதான் ஐபோன் மாறிச்சு" என்பார் ஒருவர். "அவங்களே மாறத்தான் இருந்தாங்க" என்பார் இன்னொருவர். இருவரிடமும் ஆதாரம் இருக்கிறது. ஆப்பிள் தன் மேக்புக்கில் 2015-லேயே டைப்-சி வைத்தது, ஐபேட் ப்ரோவில் 2018-ல் வைத்தது. அதே சமயம் ஐபோனில் மட்டும் 2012-ல் வந்த லைட்னிங் என்ற தன் சொந்த முனையைப் பதினொரு ஆண்டு விடாமல் வைத்திருந்தது. சட்டம் நிறைவேறிய 2022 அக்டோபரில், அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று அதன் சந்தைப்படுத்தல் தலைவர் கிரெக் ஜாஸ்வியாக் வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டு செப்டம்பரில் டைப்-சியோடு ஐபோன் 15 வந்தது. இந்த வரிசை முழுவதையும் பார்த்தால், எப்படியும் நடந்திருக்கக்கூடிய ஒரு மாற்றத்துக்குச் சட்டம் கெடு வைத்தது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தனக்குப் பிடித்த ஆண்டை மட்டும் எடுத்துக் காட்டுபவர் மற்ற ஆண்டுகளை மறைக்கிறார்.

ஆண்டைச் சரிபார்க்காததால் வரும் இன்னொரு தவறும் உண்டு. பெட்டிக்குள் சார்ஜர் வராமல் போனதற்கு இந்தச் சட்டம்தான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். ஆப்பிள் ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது 2020 அக்டோபரில். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இந்தச் சட்டத்தை முன்மொழிந்ததே 2021 செப்டம்பரில்தான். சார்ஜர் இல்லாமலும் வாங்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் எடுத்தது முதலில், சட்டம் பிறகு. பிரேசில் அரசோ இதற்கு எதிர்த்திசையில் போனது. சார்ஜர் இல்லாமல் ஐபோன் விற்பதே தவறு என்று 2022-ல் அபராதம் போட்டு விற்பனையை நிறுத்தச் சொன்னது. நுகர்வோர் நலன் என்ற ஒரே பெயரில் இரண்டு அரசுகள் நேர் எதிரான முடிவுக்கு வந்திருக்கின்றன. ஆகவே "நுகர்வோருக்கு நல்லது" என்று சொல்லி நிறுத்திவிடுவது வாதம் ஆகாது. எந்த நுகர்வோருக்கு, எப்படி என்று சொல்ல வேண்டும்.

"இனிமே ஒரே கேபிள் எல்லாத்துக்கும்" என்பது நம்பிக்கை மிகுதியால் வரும் தவறு. சட்டம் போர்ட்டின் வடிவத்தையும் சார்ஜ் ஆகும் முறையையும் பற்றிப் பேசுகிறது. தரவு எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பது அதன் வேலை இல்லை. ஐபோன் 15-லும் 15 ப்ரோவிலும் பார்வைக்கு ஒரே போர்ட்தான். முதலாவது நொடிக்கு 480 மெகாபிட்டோடு நின்றுவிடும். இரண்டாவது தகுந்த கேபிள் இருந்தால் 10 கிகாபிட் வரை போகும். கேபிளிலும் இதே கதைதான். சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சில்லு பதித்த கேபிள் தேவை. மடிக்கணினிக்குப் போன் கேபிளைச் செருகிவிட்டு, மெதுவாக ஏறுகிறதே என்று சட்டத்தைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எரிச்சல் நியாயமானது. கடையில் கேபிள் வாங்கும்போது எத்தனை வாட் என்று பார்த்து வாங்கினால் அது தீரும்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதம். இதைத்தான் நாம் பெரும்பாலும் பேசாமலே விடுகிறோம். 2009-ல் ஐரோப்பிய ஆணையத்தின் தூண்டுதலில் போன் நிறுவனங்கள் மைக்ரோ யுஎஸ்பிக்கு மாறுவதாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது கட்டாயம் இல்லை, தாமாக ஏற்றுக்கொண்டது. அந்த ஒப்பந்தம் 2014-ல் முடிந்தது. அதே 2014-ல்தான் இருபுறமும் செருகக்கூடிய டைப்-சி தரமே வெளியானது. 2009-ல் அதைச் சட்டமாக்கியிருந்தால், ஒரு பக்கமாக மட்டுமே செருக முடிகிற, சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடுகிற அந்த முனையிலேயே நாம் மாட்டிக்கொண்டிருப்போம் என்கிறார்கள் விமர்சகர்கள். இது நல்ல கேள்வி. எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கும். வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே சார்ஜர் போதும் என்பது சின்ன நிம்மதி இல்லை. ஆனாலும் இதைக் கேட்பவரை "நீங்க ஆப்பிள் ஆளு" என்று ஒதுக்கித் தள்ளினால் நாம் எதையும் கற்றுக்கொள்ள மாட்டோம். சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. தொழில்நுட்பம் வளரும்போது, முழுச் சட்டத்தையும் திரும்ப இயற்றாமலே சார்ஜிங் விதிகளை மாற்ற ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். கம்பியில்லாமல் மட்டுமே சார்ஜ் ஆகும் கருவிக்குப் போர்ட் கட்டாயமும் இல்லை. அந்த மாற்றம் வேண்டிய வேகத்தில் வருமா என்பதுதான் இப்போது மிச்சம் இருக்கும் கேள்வி.

எண்களைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். பயன்படாத சார்ஜர்களால் ஆண்டுக்கு 11,000 டன் குப்பை என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னது, சட்டத்துக்கு ஆதரவாக முன்வைத்த மதிப்பீடு. "சட்டம் வந்ததால் 11,000 டன் குறைந்துவிட்டது" என்று அதை எழுதினால், கணிப்பை விளைவாக மாற்றிவிடுகிறோம்.

அப்புறம், "ஐரோப்பாக்காரன் போட்ட சட்டம், நமக்கென்ன?" என்பதும் சரியில்லை. நாட்டுக்கு ஒரு போர்ட் என்று நிறுவனங்கள் தயாரிப்பதில்லை. இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லாதபோதே, ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய ஐபோன் 15 டைப்-சியோடுதான் வெளியே வந்தது.

வரைவா, தரமா, சட்டமா?

2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கு ஒரு தரத்தை வெளியிட்டது. இந்தியாவிலும் கட்டாயமாகிவிட்டது என்று உடனே பேச ஆரம்பித்தார்கள். தரம் என்பது 'செய்தால் இப்படிச் செய்' என்கிற அளவுகோல். அதைப் பின்பற்றியே தீர வேண்டும் என்று அரசு தனியாக ஆணை போட்டால்தான் அது கட்டாயம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிய பேச்சிலும் இதே குழப்பம்தான். 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. விதிகள் வந்தது 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதற்குப் பிறகும் 18 மாத அவகாசம். இடைப்பட்ட காலத்தில் "சட்டம்தான் வந்திருச்சே, ஏன் இன்னும் ஸ்பேம் வருது?" என்று கோபப்பட்டவர்களுக்கு, அது அமலுக்கே வரவில்லை என்று யாரும் விளக்கவில்லை. முன்மொழிவு, வரைவு, நிறைவேற்றம், அறிவிக்கை, அமல் நாள் என ஒவ்வொன்றும் தனிப் படி. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாமல் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் வீண்.

யார் போட்ட உத்தரவு என்பதும் இதே அளவுக்கு முக்கியம். டிக்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் அதன் தரவிறக்கத்தை நிறுத்தச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதே மாதம் அந்தத் தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று 59 செயலிகளில் ஒன்றாக அதை முடக்கியது ஒன்றிய அரசு. முதலாவதில் கவலை ஆபாசமும் குழந்தைகளும். இரண்டாவதில் காரணம் நாட்டின் பாதுகாப்பு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர் எந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்கிறார் என்று அவருக்கே தெரிவதில்லை. தொலைத்தொடர்பு ஒன்றியப் பட்டியலில் இருப்பது. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருப்பது. அதனால்தான் இணைய ரம்மிக்குத் தமிழக சட்டமன்றம் சட்டம் கொண்டுவர முடிந்தது. சிம் கார்டு விதிக்கு மாநில அரசைத் திட்டிப் பயனில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில்

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. இவ்வளவு பேசும் நாம், அரசு நம்மிடம் கேட்கும்போது பேசுவதில்லை. பேசினாலும் வேறு எதையோ பேசுகிறோம்.

2015 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கருத்துக்கேட்பு அறிக்கை வெளியிட்டது. இணையதளத்துக்கு இணையதளம் வேறு கட்டணம் வைக்க நிறுவனங்களை அனுமதிக்கலாமா என்பது அதன் மையம். மொத்தம் நான்கே கேள்விகள். அப்போது பேஸ்புக், குறிப்பிட்ட சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காகப் பெரிய விளம்பரம் நடத்தியது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தயாராக எழுதிவைத்த ஆதரவுக் கடிதம் டிராய்க்குப் போய்விடும். லட்சக்கணக்கில் போயின. அவற்றில் ஃப்ரீ பேசிக்ஸ் வேண்டும் என்று இருந்ததே தவிர, கேட்ட கேள்விகளுக்குப் பதில் இல்லை. குறிப்பிட்ட கேள்விகளுக்குப் பதில் தரச் சொல்லுங்கள் என்று டிராய் அந்த நிறுவனத்துக்கே எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று, பாகுபாடான கட்டணங்களைத் தடை செய்யும் விதி வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். அதே வாரத்தில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

டிராய் இன்றும் அதே முறையில்தான் கேட்கிறது. அறிக்கை அதன் இணையதளத்தில் இருக்கும், கேள்விகள் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் வரிசை எண்ணோடு இருக்கும், பதில் அனுப்ப நாள் குறித்திருப்பார்கள். கேள்வி எண்ணைப் போட்டு, ஆம் அல்லது இல்லை என்று முதலில் எழுதுங்கள். கீழே காரணம் எழுதுங்கள். உங்கள் வீட்டில், கடையில், ஊரில் அது என்ன செய்யும் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. தெரிந்த ஒன்றுக்கு ஒரு பக்கம் போதும்.