வீட்டு கம்ப்யூட்டரில் ஒயர்லெஸ் மவுஸ் திணறினால் முதலில் டாங்கிளை இடம் மாற்றுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஐப்பசி மாதத்து மதிய இடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு மதியம், ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இழுத்திருந்த லேன் ஒயர் வழியாக மின்னல் இறங்கி, மதர்போர்டில் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) அந்த ஒயர் சொருகும் போர்ட்டே போய்விட்டது. அதற்கப்புறம் நெட், மவுஸ், ஹெட்போன் எல்லாவற்றையும் ஒயர்லெஸ்ஸுக்கு மாற்றினேன். (இடி கேட்டால் பவர் பிளக்கை மட்டும் இப்போதும் பிடுங்கத்தான் வேண்டும்.)

முதலில் சிபியு பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மரை போட்ட, பித்தளை நிறத்தில் சின்னதாக இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் உங்கள் மதர்போர்டிலேயே வைஃபை இருக்கிறது, கூடவே புளூடூத்தும் இருக்கும். ஆன்டெனா மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும், பலர் அதை மாட்டுவதே இல்லை. புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான், அது இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் ஹெட்போன்கூட விட்டுவிட்டுத்தான் கேட்கும்.

அந்த முனைகள் இல்லையென்றால் வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த யுஎஸ்பி டாங்கிள் (யுஎஸ்பி போர்ட்டில் சொருகும் சின்ன கருவி) ஒன்று வாங்கினால் போதும். டாங்கிளை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டால், போனை சார்ஜர் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், நெட் வந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். புளூடூத், ஒயர்லெஸ் மவுஸ், பழைய வைஃபை மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் ஓடுகின்றன. யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க்கோ பென் டிரைவோ வேலை செய்யும்போது அதே அலையில் இரைச்சல் கிளம்பும், 2012-லேயே இன்டெல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. அதனால் டாங்கிளை (மவுஸோடு வந்ததோ, புளூடூத்துக்கு வாங்கியதோ) நீல நிற 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில், அதுவும் தகரப் பெட்டிக்குப் பின்னால் சொருகினால் மவுஸ் அம்புக்குறி துள்ளித் துள்ளித்தான் போகும். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, பின்னால் கறுப்பு நிற 2.0 போர்ட்டில் சொருகி, மறுமுனையில் டாங்கிளை மாட்டி மேசைமேல் மவுஸுக்கு எதிரே வையுங்கள். புது மவுஸ் வாங்கும் முன் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கம்ப்யூட்டரை அதில் சேர்த்துவிடுங்கள், புளூடூத்துக்கு இடம் கிடைக்கும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் கனமான சுவரை அவ்வளவாகத் தாண்டாது, ரவுட்டர் அடுத்த அறையில் இருந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இணைப்பது சுலபம். விண்டோஸ் பட்டனும் ஐ எழுத்தும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும், அதில் புளூடூத் பகுதிக்குப் போய் 'ஆட் டிவைஸ்' கொடுங்கள். ஹெட்போனில் பட்டனை விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே போனோடு சேர்ந்த ஹெட்போன் திரும்பவும் போனையே தேடி ஓடும், அதனால் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மீட்டிங்கில் பேசும்போது பாட்டுக்குத் தெளிவாக இருந்த அதே ஹெட்போன் கரகரக்கிறதா? ஹெட்போன் மைக்கும் சேர்ந்து ஓடும்போது ஒலித் தரம் குறைந்துவிடும். சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட்டுக்கு வெப்கேம் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

பழைய ஒயர் கீபோர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் ஏறாமல் நின்று பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ்) போக வேண்டிய நாளில் புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்யாது.