பழைய ரைஃபிளில் தோட்டா சோதனை: மாற்றி மாற்றிச் சுடுங்கள்

லீ-என்ஃபீல்ட் .303 போன்ற பழைய ரைஃபிளில், நீங்களே வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்களை முதன்முதலில் சோதிக்கும்போது ஒரு வகையை முழுக்கச் சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். வகைக்கு ஓர் இலக்கு அட்டை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு என ஐந்து சுற்று வாருங்கள். கடைத் தோட்டாவுக்கும் ஓர் அட்டை இருக்கட்டும்.

குழல் சூடேறினால் துப்பாக்கியின் மரக்கட்டையோடு அது அழுந்தும் விதம் மாறி, குண்டு விலகும். காற்றும் நம் களைப்பும் வேறு. மாற்றிச் சுட்டால் இந்தக் கோளாறுகள் எல்லா வகைக்கும் ஏறத்தாழ சமமாகப் பங்காகும். கடைத் தோட்டாவும் சிதறினால் உங்கள் மருந்தைக் குறை சொல்வதில் பயனில்லை. தேய்ந்த குழலாக இருக்கலாம், அல்லது நம் கண். அப்புறம், எண்ணெய் துடைத்த குழலில் முதல் ஒன்றிரண்டு குண்டுகள் தனி வழி போகும், அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மருந்தளவைக் கூட்டிப் பார்க்கும் சோதனைக்கு இது சரிவராது. அங்கே மருந்து நிரப்பும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாகத்தான் ஏற வேண்டும், சுட்ட ஒவ்வொரு வெற்றுக் கூட்டிலும் அழுத்தம் மிஞ்சிய அறிகுறி உண்டா என்று பார்த்துவிட்டு. வேட்டைக்காரருக்கோ குளிர்ந்த குழலின் முதல் குண்டுதான் முக்கியம்.