பென்டிரைவின் எழுத்து மாறாமல் இருக்க

நேற்று 'இ' டிரைவாக வந்த பென்டிரைவ் இன்று 'எஃப்' ஆக வருகிறது. கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் பேக்கப் போக வேண்டிய இடம் 'இ' என்றே பதிந்திருப்பதால், அன்றைய கணக்கு பென்டிரைவில் ஏறுவதில்லை. புதுவயல் அரிசி ஆலைகளிலும், காரைக்குடியில் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோக்களிலும், ஆடிட்டரிடம் கணக்கைக் கொண்டுபோகும் கடைகளிலும் இது அடிக்கடி நடக்கிறது. பத்து நிமிட வேலையில் சரிசெய்துவிடலாம். அதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் மாற்றியது மறுபடி மாறும்.

டவுன் பஸ்ஸில் ஏறுபவர் முதலில் கண்ட காலி இருக்கையில் உட்கார்வதுபோல, முன்பின் தெரியாத பென்டிரைவுக்கு விண்டோஸ் முதலில் கிடைக்கும் காலி எழுத்தைக் கொடுத்துவிடும். வேறொரு பென்டிரைவோ செல்போனின் மெமரி கார்டோ முந்திக்கொண்டால் எழுத்து தள்ளிப்போகும். ஆகவே அந்தப் போட்டி நடக்காத பகுதியில் நாமே ஒரு எழுத்தை ஒதுக்கிவிட வேண்டும். 'எம்' முதல் 'டபிள்யூ' வரை பாதுகாப்பானது. 'இசட்' பக்கம் போக வேண்டாம். நெட்வொர்க் டிரைவ் இணைக்கும்போது விண்டோஸ் அங்கிருந்துதான் எழுத்து எடுக்கத் தொடங்கும்.

அட்மின் கணக்கில் நுழைந்து, மற்ற பென்டிரைவ்களைக் கழற்றிவிட்டு, வேண்டியதை மட்டும் செருகுங்கள். விண்டோஸ் பட்டனுடன் எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' இருக்கும். கீழ்ப்பாதியில் 'ரிமூவபிள்' என்று எழுதிய வரிசையைப் பாருங்கள். ஜிபி அளவு பென்டிரைவுடன் ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்துகொண்டே கை வையுங்கள், அதே ஜன்னலில் ஃபார்மட்டும் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் வலது கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', பிறகு 'சேஞ்ச்'. 'ஆர்' எழுத்தைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். சில புரோகிராம்கள் ஓடாமல் போகலாம் என்று எச்சரிக்கை வரும், 'யெஸ்' கொடுக்கலாம். பிறகு டேலியிலும் பேக்கப் இடத்தை 'ஆர்' என்று மாற்ற மறக்காதீர்கள்.

ஒரே எழுத்தை இரண்டு பென்டிரைவுக்குக் கொடுக்கப் பலரும் முயல்வார்கள். அது நிலைக்காது. ஒரு எழுத்துக்கு எதிரே ஒரே ஒரு சாதனத்தைத்தான் விண்டோஸ் குறித்துவைக்கும். இரண்டாவதற்கு 'ஆர்' கொடுத்ததும் முதலாவதன் பதிவு அழிந்துவிடும். கடையில் இருப்பதற்கு 'ஆர்', ஆடிட்டருக்குப் போவதற்கு 'எஸ்' என்று பிரித்துவிடுங்கள். பென்டிரைவின் மேல் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டி அந்த எழுத்தை எழுதிவிட்டால், யார் கணினியில் உட்கார்ந்தாலும் குழப்பம் வராது. உள்ளேயும் ஒரு பெயர் வையுங்கள். எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டங்கள் (ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகள்) இரண்டிலும் 11 எழுத்துக்கு மேல் ஏறாது. எஃப்ஏடி32-இல் தமிழ்ப் பெயர் சரியாக அமையாது, ஆங்கிலப் பெரிய எழுத்தே நல்லது.

இவ்வளவு செய்தும் எழுத்து மாறுகிறதா? போர்ட்டை மாற்றிச் செருகினால் மட்டும் மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் பென்டிரைவில் சீரியல் நம்பர் இல்லை. மலிவான பென்டிரைவ்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. அடையாளம் சொல்ல எண் இல்லாததால், எந்தப் போர்ட்டில் செருகப்பட்டது என்பதையே விண்டோஸ் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. உறுதி செய்ய வழி உண்டு: டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்க் டிரைவ்ஸ்' பகுதியில் பென்டிரைவை இரட்டைக் கிளிக் செய்து, 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்' தேர்ந்தெடுங்கள். அந்த நீண்ட வரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் இரண்டாவது எழுத்து & என்று இருந்தால் சீரியல் நம்பர் இல்லை என்று அர்த்தம். அதை எப்போதும் ஒரே போர்ட்டில் செருக வேண்டும், அல்லது வேறு வாங்க வேண்டும். கணக்கு ஏற்றும் பென்டிரைவில் காசை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது எங்களுக்குச் சம்மதமில்லை.

எந்தப் போர்ட் என்று கேட்டால், கேபினெட்டின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே ஒரு ஒயர் ஓடுகிறது. அது லூசாக இருந்தால் காப்பி ஓடும்போதே பென்டிரைவின் இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டும். ஸ்டுடியோ கணினிகளில் இன்னொரு தொல்லை உண்டு: கார்டு ரீடரின் ஒவ்வொரு துளையும், கார்டு இல்லாவிட்டாலும், ஒரு எழுத்தைப் பிடித்துவைத்திருக்கும். காலி டிரைவ்களை விண்டோஸ் மறைப்பதால் அது கண்ணில் படாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் 'நோ மீடியா' என்று தெரியும்.

எழுத்தே வேண்டாம் என்பவர்களுக்கு ஃபோல்டர் வழி இருக்கிறது, எங்களுக்கு இதுதான் பிடித்தது. சி டிரைவில் காலியாக ஒரு ஃபோல்டர் செய்யுங்கள். அதே 'பாத்ஸ்' ஜன்னலில் 'ஆட்' அழுத்தி, 'மவுண்ட் இன் தி ஃபாலோயிங் எம்ப்டி என்டிஎஃப்எஸ் ஃபோல்டர்' என்பதில் அதைக் காட்டுங்கள். பென்டிரைவ் எஃப்ஏடி32 ஆக இருந்தாலும் பரவாயில்லை, ஃபோல்டர் இருக்கும் டிரைவ்தான் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டம்) ஆக இருக்க வேண்டும். பென்டிரைவ் செருகாதபோது அந்த ஃபோல்டரைத் திறந்தால் பிழைச் செய்தி வரும், பேக்கப் ஓடாது. அதுதான் நமக்கு வேண்டியது. ஏறாத பேக்கப்பை ஏறிவிட்டதாக நினைத்துக் கடையைச் சாத்திவிட்டுப் போவதைவிடப் பிழைச் செய்தி எவ்வளவோ மேல்.

லினக்ஸில் பென்டிரைவ் செருகாதபோது நடப்பது இதற்கு நேர்மாறு, கவனம் தேவை. உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' திறந்து, பல்சக்கரப் படத்தில் 'எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்' போய், 'யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்' நிறுத்தி, யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) வழியாக அடையாளம் காணச் சொல்லி, ஒரு மவுண்ட் பாயின்ட் (பென்டிரைவ் வந்து இணையும் ஃபோல்டர்) கொடுத்தால் இடம் மாறாது. 'நோஃபெயில்' என்ற சொல் அந்த வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பென்டிரைவ் இல்லாத நாளில் கணினி பூட் ஆகாமல் அவசர நிலைக்குப் போய்விடலாம். எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் என்றால் 'யூஐடி=1000' சேர்த்தால்தான் முதல் பயனர் எழுத முடியும். ஆனால் பென்டிரைவ் செருகாதபோது அந்த மவுண்ட் பாயின்ட் வெறும் ஃபோல்டர். பேக்கப் சத்தமில்லாமல் உள் டிஸ்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலி ஃபோல்டரின் உரிமை ரூட்டிடம் (லினக்ஸின் அட்மின் கணக்கு) மட்டும் இருக்கட்டும், மற்றவர் எழுத அனுமதி வேண்டாம். ஃபார்மட் செய்தால் யூயூஐடி புதிதாகிவிடும், அமைப்பையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

எந்த முறையானாலும், செருகியதும் 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கணினி கேட்டால் கேன்சல் அழுத்துங்கள். எழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கிறது. முதலில் டேட்டாவை மீட்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை. கணினியை ரீஸ்டார்ட் செய்து, வேறு இரண்டு பென்டிரைவ்களை முதலில் செருகி, பிறகு நம்முடையதைச் செருகுங்கள். 'ஆர்' வந்தால், கழற்றி வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அங்கும் 'ஆர்' வந்தால் டேலியில் ஒரு பேக்கப் எடுத்து, ஃபைலின் தேதியையும் அளவையும் பென்டிரைவிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.